ஏசி சென்சார் கோளாறு: போர்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

‘போர்டு (ஏசியை இயக்கும் மின்னணுப் பலகை) போய்விட்டது’ என்று சொல்லிவிட்டு வேறொருவர் திறந்து போட்டுப் போன ஏசிகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. சென்னையில் திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம், கடற்காற்று நேராக அடிக்கும் வீடுகள். போய்ப் பார்த்தால் வெப்பத்தை அளக்கும் சென்சார் கிளிப்பிலிருந்து நழுவிக் கிடக்கும், அல்லது கனெக்டர் பின் பச்சை பூத்திருக்கும். சென்சாரே கெட்டிருந்தாலும் அது சில நூறு ரூபாய்ப் பொருள். போர்டு என்றால் கணக்கு ஆயிரங்களில் போகும். ஆகவே செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி, செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியில் வைத்து எழுதுகிறேன். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசிக்கானது இது.

## முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

உள் யூனிட்டில் பொதுவாக இரண்டு சென்சார்கள் இருக்கும். ஃபில்டரைக் கழற்றியதும் காயிலுக்கு (காற்றைக் குளிர்விக்கும் குழாயும் தகடுகளும் சேர்ந்த பகுதி) முன்னால் பிளாஸ்டிக் கிளிப்பில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புத் தலை தெரிகிறதே, அது அறைச் சென்சார். செம்புத் தொப்பி போட்டு, காயிலோடு பற்றவைத்த சிறு குழலுக்குள் செருகியிருப்பது காயில் சென்சார். இரண்டின் கம்பிகளும் ஓரத்தில் இருக்கும் போர்டுக்குப் போகின்றன.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு திருப்புளி, ஒரு டார்ச், ஒரு மல்டிமீட்டர். ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். மின்தடையை அளக்க 20 கிலோ ஓம், 200 கிலோ ஓம் என்ற இரண்டு அளவுகளும் அதில் இருக்க வேண்டும்.

ரிமோட்டில் அணைப்பது அணைப்பதாகாது. ஏசிக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். சில போர்டுகளில் சென்சார் கம்பியே மின்சார லைனோடு தொடர்பில் இருக்கும். ‘ஐந்து வோல்ட்தானே’ என்று மின்சாரம் இருக்கும்போது தொடாதீர்கள். வாரண்டி முடியாத ஏசி என்றால் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போர்டுக்கும் சில ஆண்டுகள் வாரண்டி தரும் நிறுவனங்கள் உண்டு. அட்டையை எடுத்துப் பாருங்கள்.

## அறை குளிர்வதற்குள் கம்ப்ரசர் நின்றுவிடுகிறது

முதல் கேள்வி: கம்ப்ரசர் ஓடும் அந்தச் சில நிமிடங்களில் காற்று ஜில்லென்று வருகிறதா? மேலே உள்ளே போகும் காற்றுக்கும் கீழே வெளியே வரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் கேஸும் கம்ப்ரசரும் நன்றாகவே இருக்கின்றன, தொடர்ந்து படியுங்கள். காற்று குளிரவே இல்லை என்றால் அது கேஸ், கெபாசிட்டர், கம்ப்ரசர் சம்பந்தப்பட்டது. சென்சாரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

### ரிமோட்

சில ரிமோட்டுகளுக்குள்ளேயே ஒரு சென்சார் இருக்கிறது. ‘ஐ ஃபீல்’, ‘ஃபாலோ மீ’ என்ற பெயரில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டால் ஏசி தன் சென்சாரை விட்டுவிட்டு ரிமோட் இருக்கும் இடத்தின் வெப்பத்தைக் கேட்கத் தொடங்கும். ரிமோட்டை ஏசிக்கு நேர் கீழே மேசையில் வைத்தால், குளிர்காற்று அதன்மேல் விழுந்து, அறை குளிர்ந்துவிட்டது என்று ஏசி நின்றுவிடும். பொத்தானை அணைத்துப் பாருங்கள். கூடவே ட்ரை மோடு, ஆட்டோ மோடு, சிக்கன மோடு எதிலாவது மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் 2020 ஜனவரி முதல் அறை ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டு வருகின்றன. முன்பு 18இல் ஓட்டிப் பழகியவர்கள் புது ஏசி 24இல் நிற்பதைக் கோளாறு என்று நினைத்துக் கூப்பிடுவது உண்டு.

### குளிர்காற்று திரும்பி உள்ளே போவது

ஏசிக்கு நேர் எதிரே பீரோ, கீழே திரைச்சீலை, மேலே ஒட்டினாற்போல் லாஃப்ட். வெளியே வரும் குளிர்காற்று எதிலாவது மோதித் திரும்பி, மேல்பக்கமாக உள்ளே போனால் அறைச் சென்சார் அந்தக் காற்றைத்தான் அளக்கும். ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே கதைதான்: காற்று இழுக்க வழியில்லாமல், காயிலின் குளிர் சென்சாரைச் சுற்றியே தேங்கும். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டி, ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

### சர்வீஸ் முடிந்த மறுநாளிலிருந்துதான் இப்படி என்றால்

இந்த ஒரு விவரம் போதும், பாதி வேலை முடிந்தது. வாட்டர் சர்வீஸ் செய்யும்போது அறைச் சென்சாரைக் கிளிப்பிலிருந்து எடுத்து ஓரமாகப் போடுவார்கள். திரும்ப மாட்டும்போது அவசரத்தில் அது காயிலின் அலுமினியத் தகடுகளுக்குள் செருகிக்கொள்ளும். திருவான்மியூரில் ஒரு வீட்டில் அந்த அம்மா கையில் விசிறியோடு நின்றுகொண்டிருந்தார். ஏசியின் முகப்பில் அறை வெப்பம் 17 என்று எரிந்துகொண்டிருந்தது. ஃபில்டரை எடுத்தால், சென்சாரின் தலை இரண்டு தகடுகளுக்கு நடுவே அழுந்திக் கிடந்தது. அதன் நுனியில் காயிலின் நீர்த்துளி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அளந்தது காயிலின் குளிரை. எடுத்துத் துடைத்து, கிளிப்பில் மாட்டி, தகட்டைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளி நிறுத்தியதோடு வேலை முடிந்தது. முந்தைய நாள் அவருக்குச் சொல்லப்பட்டிருந்த விலை புது போர்டுக்கானது.

கிளிப் உடைந்திருந்தால் நைலான் டை போட்டு நிறுத்தலாம். செலோடேப் ஒட்டாதீர்கள், ஈரத்தில் ஒரு வாரம் கூடத் தாங்காது.

### இவையெல்லாம் சரி, இன்னும் நிற்கிறது

சென்சார் குளிரை மிகைப்படுத்திச் சொல்கிறது, அதாவது ஓம் அளவு ஏறியிருக்கிறது (குளிர்ந்தால் இந்தச் சென்சாரின் ஓம் ஏறும்) என்று சந்தேகப்படலாம். கனெக்டர் பின்னில் பூத்திருக்கும் பச்சையும் இதையே செய்யும். கீழே உள்ள அளக்கும் பகுதிக்குப் போங்கள்.

## கம்ப்ரசர் நிற்கவே இல்லை

முதலில் இன்வெர்ட்டர் ஏசியா என்று பாருங்கள். இன்வெர்ட்டரில் கம்ப்ரசர் அடிக்கடி நிற்காது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் அதன் இயல்பு.

அக்னி நட்சத்திரத்தில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், 1 டன் ஏசியை 18இல் வைத்துவிட்டு ‘நிற்கவில்லை’ என்றால் சென்சார் என்ன செய்யும்? அறை அந்த அளவுக்கு இறங்கவே போவதில்லை. சோதனை எளிது. அறை ஓரளவு குளிர்ந்த பிறகு ரிமோட்டில் 30 வையுங்கள். சில நிமிடங்களில் வெளி யூனிட் நின்றால் சென்சார் தன் வேலையைச் செய்கிறது. 30 வைத்தும் கால் மணி நேரமாக அதே வேகத்தில் ஓடினால் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

அறைச் சென்சார் கிளிப்பை விட்டு வெளியே வந்து, சூடேறும் சுவரின் பக்கமாகவோ போர்டு பெட்டியின் பக்கமாகவோ சாய்ந்து கிடக்கலாம். பைப் போகும் சுவர் ஓட்டையைச் சரியாக அடைக்காத வீடுகளில் வெளிச்சூடு அந்த வழியாக நேரே சென்சார்மேல் வரும். நூறு கிராம் பைப் புட்டி வாங்கி அடைத்தால் போதும். சென்சாரின் தலை விரிசல் விட்டு ஈரம் புகுந்திருந்தால் ஓம் அளவு இறங்கி, அறை எப்போதும் சூடாக இருப்பதாகவே போர்டுக்குத் தெரியும். இதை அளந்துதான் கண்டுபிடிக்க முடியும்.

சாதாரண ஏசியில், ரிமோட்டில் முழுக்க அணைத்த பிறகும் வெளி யூனிட் ஓடுகிறதா? அது சென்சார் அல்ல. கம்ப்ரசருக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும், போர்டில் இருக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. எம்.சி.பி.யை இறக்குங்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை போடாதீர்கள். உள்ளே காற்று ஓடாமல் கம்ப்ரசர் மட்டும் ஓடினால் காயில் உறைந்து, திரவமாகவே கேஸ் திரும்பிப் போய்க் கம்ப்ரசரைக் கெடுத்துவிடும்.

## உள் காயிலில் பனி படிகிறது

ஏசியிலிருந்து ஐஸ் துண்டு விழுகிறது, அல்லது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல்வார்கள். இதைத் தடுக்க வேண்டியது காயில் சென்சாரின் வேலைதான். ஆனாலும் இங்கே சந்தேகத்தை அதன்மேல் கடைசியாகத்தான் வைக்க வேண்டும்.

பனி எங்கே படிந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காயிலின் ஒரு பகுதியில் மட்டும், கேஸ் உள்ளே நுழையும் பக்கத்தில் வெள்ளையாகப் படிந்து மீதி காய்ந்திருந்தால், பெரும்பாலும் கேஸ் குறைந்திருக்கிறது. கேஸ் தானாகத் தீராது, எங்கோ ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் கேஸ் நிரப்பச் சம்மதிக்காதீர்கள். இப்போது வரும் பல ஏசிகளில் இருப்பது ஆர்32. அது மெல்லத் தீப்பற்றக்கூடியது. இதில் வீட்டுக்காரர் கை வைக்க ஒன்றுமில்லை.

காயில் முழுவதும் பனி மூடியிருந்தால் காற்றோட்டம் குறைவு. ஃபில்டர், அதன்பின் காற்றைத் தள்ளும் புளோயர் உருளையில் படிந்த அழுக்கு. உருளையின் பற்களுக்கு இடையே கறுப்பாகத் தூசு அப்பியிருந்தால் ஃபில்டரை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. முழு சர்வீஸ் வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் காயில் சென்சாரைப் பாருங்கள். குழலை விட்டு வெளியே தொங்குகிறதா? உள்ளே ஆடுகிறதா? வெளியே தொங்கும் சென்சார் அறைக்காற்றை அளக்கும். காயில் உறைவது அதற்குத் தெரியாது. சென்சாரோடு ஒரு சிறு எஃகுப் பட்டை சேர்த்துச் செருகியிருக்க வேண்டும். அதைத் தொலைத்துவிட்டு வெறும் சென்சாரை மாட்டிப் போகிறவர்களும் உண்டு.

பனியைத் திருப்புளியால் குத்தி எடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். காயில் குழாய் மெலிதானது; ஒரு குத்து போதும், கேஸ் முழுவதும் போய்விடும். அணைத்துவிட்டு, கீழே வாளி வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் காத்திருங்கள்.

## எர்ரர் கோட் வருகிறது, அல்லது விளக்கு மினுக்குகிறது

கோட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றில் அறைச் சென்சாரைக் குறிக்கும் ‘இ1’, இன்னொன்றில் போர்டுகளுக்கு இடையிலான தொடர்பு அறுந்ததைக் குறிக்கும். இணையத்தில் யாரோ போட்ட பட்டியலை நம்பிப் பொருள் வாங்காதீர்கள். உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள், அல்லது நிறுவனத்தின் உதவி எண்ணில் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மினுக்கும் விளக்கு என்றால் எத்தனை முறை மினுக்கி நிற்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கைதான் கோட்.

சென்சார் கோட்தான் என்று உறுதியானால்:

எம்.சி.பி.யை இறக்கி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். மின்சாரம் ஏறி இறங்கியதில் வந்த குழப்பம் என்றால் போய்விடும். போய்விட்டு மறுபடி வந்தால், எப்போது வருகிறது என்று கவனியுங்கள். அந்த நேரமே துப்பு.

போட்டவுடன் வந்தால்: கம்பி அறுந்திருக்கிறது, கனெக்டர் கழன்றிருக்கிறது, அல்லது சென்சார் உள்ளுக்குள் செத்துவிட்டது. சர்வீஸுக்குப் பிறகு என்றால் கனெக்டர்தான். முழுக்க உள்ளே போய் ‘டிக்’ என்று உட்காராமல் பாதியில் நிற்கும்.

அரைமணி ஓடிய பிறகு வந்தால்: புளோயர் அதிர்வில் கம்பி எங்கோ விட்டுவிட்டுத் தொடுகிறது. அளக்கும்போது கம்பியை நுனியிலிருந்து கனெக்டர்வரை விரலால் மெல்ல வளைத்துக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எண் குதிக்கும் இடத்தில் நரம்பு அறுந்திருக்கும்.

மழைக்காலத்தில் மட்டும் வந்தால்: கனெக்டரில் ஈரம் அல்லது துரு. கடற்கரைப் பக்கம் இது சகஜம். கனெக்டரைக் கழற்றி, மின் தொடுமுனைகளுக்கான கிளீனர் ஸ்பிரே அடித்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். பின் கறுத்துத் தேய்ந்திருந்தால் தேய்ப்பது தற்காலிகம்தான்.

போர்டு பெட்டியின் மூடியைத் திறந்தால் எறும்புக் கூட்டமோ காய்ந்த பல்லியோ இருப்பது நம் ஊரில் அதிசயமில்லை. சென்சார் பின்கள் இரண்டின் மேலும் பல்லி படுத்து இறந்துபோனால், ஷார்ட் ஆகிச் சென்சார் கோட் வரும். எடுத்துச் சுத்தம் செய்துவிட்டால் பல நேரங்களில் போர்டு பிழைத்துக்கொள்ளும். போர்டில் கருகிய தடமோ உப்பிய கெபாசிட்டரோ தெரிந்தால் மூடிவிடுங்கள். அது பழுதுபார்ப்பவரின் மேசைக்குப் போக வேண்டியது.

## சென்சாரை அளப்பது

எம்.சி.பி. இறங்கியிருக்கிறது என்று மறுபடி உறுதி செய்துகொண்டு, சென்சார் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். கழற்றாமல் அளந்தால் போர்டின் அளவும் சேர்ந்து வந்து எண் பொய்யாகும். இரண்டு சென்சாரும் ஒரே கனெக்டரில் வந்தால், எந்த இரண்டு கம்பிகள் எந்தத் தலைக்குப் போகின்றன என்று கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள்.

பல ஏசிகளில் இருப்பவை 5கே அல்லது 10கே சென்சார்கள். 15கே, 20கே போடுவோரும் உண்டு. இந்த எண் 25 டிகிரியில் சென்சார் காட்ட வேண்டிய கிலோ ஓம். சூடு ஏறினால் எண் இறங்கும், குளிர்ந்தால் ஏறும். 10கே சென்சார் ஒன்று ஏறக்குறைய இப்படிக் காட்டும்:

20 டிகிரியில் 12க்குச் சற்று மேல்
25 டிகிரியில் 10
30 டிகிரியில் 8 அல்லது அதற்குச் சற்று மேல்
35 டிகிரியில் 6.5 முதல் 7 வரை
பனிக்கட்டித் தண்ணீரில் 27 முதல் 33 வரை

5கே என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். சென்சாரில் எண் அச்சிட்டிருக்காவிட்டால், 30 டிகிரி அறையில் வரும் அளவை 0.8ஆல் வகுத்தால் அதன் இனம் தெரிந்துவிடும்: 4 வந்தால் 5கே, 12 வந்தால் 15கே.

இப்போது சென்சார் தலையை விரல்களுக்கு நடுவே பிடியுங்கள். எண் தடங்கலில்லாமல் இறங்க வேண்டும். விட்டால் மெல்ல ஏற வேண்டும். பிறகு ஒரு டம்ளரில் ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, தலையை மட்டும் நனையும்படி வைத்துப் பாருங்கள். இங்கே மீட்டரை 200 அளவுக்கு மாற்ற வேண்டும். 20இல் வைத்திருந்தால் எண் எல்லையைத் தாண்டி ‘1’ என்று மட்டும் நிற்கும், நல்ல சென்சாரையே அறுந்தது என்று தூக்கிப்போட்டுவிடுவீர்கள்.

எந்த அளவில் வைத்தாலும் எண்ணே வரவில்லை என்றால் உள்ளே அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். அறையில் சரியாகவும் ஐஸில் தப்பாகவும் காட்டினால், அல்லது எண் குதித்துக்கொண்டே இருந்தால், சென்சாரின் தன்மை மாறிவிட்டது. இந்த மூன்றிலும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அளவுகள் எல்லாம் சரியாக வந்து, கனெக்டரும் சுத்தமாக இருந்து, கோட் மட்டும் போகவில்லை என்றால், அப்போதுதான் போர்டின் முறை வருகிறது.

## மாற்றும்போது

பழைய சென்சாரைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். கிலோ ஓம் எண், தலையின் வகை, கனெக்டரின் வடிவம், கம்பியின் நீளம் எல்லாம் பொருந்த வேண்டும். காயிலுக்குச் செம்புத் தலை, அறைக்குக் கறுப்புத் தலை. இடம் மாற்றிப் போட்டால் ஏசி ஓடும், ஒழுங்காக ஓடாது. கனெக்டர் பொருந்தாமல் கம்பியை வெட்டிச் சேர்க்க நேர்ந்தால் ஈயம் வைத்துப் பற்றவைத்து ஸ்லீவ் போட வேண்டும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் அடுத்த மழைக்காலத்தில் அதே கோட்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்சார் கைவசம் இல்லாதபோது, அந்த இடத்தில் ஓம் அளவு மாறாத 10கே ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகிவிட்டுப் பணம் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கோட் மறைந்துவிடும். ஏசியைப் பொறுத்தவரை அறை இனி என்றென்றும் 25 டிகிரி. 24 வைத்தால் விடிய விடிய நிற்காது; 26 வைத்தால் ஓடவே ஓடாது. காயில் சென்சாருக்குப் பதிலாகப் போட்டிருந்தால் உறைவதைத் தடுக்கும் பாதுகாப்பே போய்விட்டது. போர்டு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ரெசிஸ்டர் போட்டுப் பார்ப்பது நியாயமான சோதனை. அதையே நிரந்தரமாக விட்டுப்போவது ஏமாற்று. 24இல் நிற்காமல், 26இல் ஓடாமல் இருக்கும் ஏசியைக் கண்டால் முதலில் கனெக்டர் பக்கம் பாருங்கள்.

## வெளி யூனிட் சென்சார் என்று கோட் சொன்னால்

இன்வெர்ட்டர் ஏசியின் வெளி யூனிட்டிலும் சென்சார்கள் உண்டு: வெளிக்காற்றுக்கு ஒன்று, காயிலுக்கு ஒன்று, கம்ப்ரசரிலிருந்து வரும் சூடான குழாய்க்கு ஒன்று. நீங்கள் செய்யக்கூடியது, யூனிட்டுக்கு முன்னால் துணி, அட்டைப்பெட்டி, செடி ஏதாவது காற்றை மறிக்கிறதா என்று பார்ப்பது மட்டும். மூடியைத் திறக்காதீர்கள். எம்.சி.பி.யை இறக்கிய பிறகும் அங்கே உள்ள பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கும். போதாததற்கு, வெளிச்சுவரில் தொங்கும் யூனிட்டை ஜன்னல் வழியே எட்டிப் பிடிக்கும் வேலை வேறு. சூடான குழாய்ச் சென்சார் 10கேயாக இராது. 50கே, அதற்கு மேலும் வரும். மேலே சொன்ன எண்களை வைத்துக்கொண்டு அதைக் கெட்டது என்று முடிவு செய்யவும் கூடாது.

## மெக்கானிக்கைக் கூப்பிடும்போது

‘ஏசி ஓடவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். மாடல் எண், கோட், போட்டு எத்தனை நிமிடத்தில் வருகிறது, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தது, அளந்திருந்தால் அறைக்கும் ஐஸுக்கும் வந்த எண்கள். இவற்றைச் சொன்னால் வருகிறவர் சரியான சென்சாரைக் கையோடு கொண்டுவருவார். இரண்டாம் முறை வரும் கூலி மிச்சம். போர்டு மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னால், சென்சாரைக் கழற்றி உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் தயங்கமாட்டார், ஐந்து நிமிட வேலை. மாற்றிய பழைய சென்சாரையும் போர்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். அதே கோட் ஒரு மாதத்தில் திரும்பி வந்தால் அடுத்தவருக்குக் காட்ட உதவும்.